மேகலா ‘மகேலா’ ஆனது எப்படி: கட்டாயமில்லாத லைப்ரரிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிவிசன் ஒபிஸில் அச்சான கொழுந்துச் சீட்டுகளில் (பறித்த கொழுந்தின் நிறையைக் காட்டும் சீட்டுகளில்) மேகலா என்ற பெயர் ‘மகேலா’ என்று வந்திருந்தது. கேசவன் ‘கசேவன்’ ஆகியிருந்தார். சேகர் ‘சகேர்’ ஆகியிருந்தார். அதே கட்டில் கமலா கமலாவாகவே இருந்தார். சரவணனுக்கும் ராமனுக்கும் ஒரு குறையும் இல்லை. கிலோக் கணக்கு சரி, பேர்க் கணக்கு (ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’) சரி, கழிவுகள் சரி. பெயர்களில் மட்டும், அதுவும் சில பெயர்களில் மட்டும், பிழை.

முதலில் சந்தேகம் விழுந்தது பெயர்களைப் பதிந்த கிளாக்கர் மீது. அவர் கணினியைத் திறந்து காட்டினார். திரையில் மேகலா மேகலாதான். தேடினால் அகப்படுகிறார், அகர வரிசையில் தன் இடத்தில் நிற்கிறார். கடதாசியில்தான் வேறு யாரோ. அடுத்துப் பிரின்டரைச் சந்தேகித்தார்கள். வேறொன்றை மாட்டினாலும் அதே ‘மகேலா’. அதன் பிறகுதான் விஷயம் மென்பொருளை எழுதிய ஹட்டன் குழுவுக்கு வந்தது. ஆராய்ந்து தரும்படி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு திருத்த வேலையிலும் சேர்ந்துகொண்டேன். இதை முழுமையாக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழை அச்சிடும் பல மென்பொருள்களில் இதே அமைப்பு இருக்கிறது, இதே பிழையும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஒரு பெயர்தானே, ஆளைத் தெரியும்தானே என்று கடந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்தில் பெயர்ப் பிழை சின்ன விஷயம் அல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் தோட்டப் பதிவில் மூன்றாவது விதமாகவும் பெயர் கிடப்பதால், ஓய்வுபெற்ற பிறகு ஊழியர் சேமலாப நிதியை எடுக்க அலைகிறவர்களை எல்லா ஊரிலும் காணலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை கடதாசிக்காகவே காத்திருந்த குடும்பங்கள் இவை. இங்கே ஆட்கள் சீட்டுகளைத் தூக்கிப் போடுவதில்லை. டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைக்கிறார்கள். ஆகவே தவறான பெயரோடு ஒரு சீட்டு வெளியே போவதைவிட, சீட்டே வராமல் நிற்பது மேல். இந்த ஒரு முடிவிலிருந்துதான் பின்னால் சொல்லப்போகும் எல்லாத் தொழில்நுட்ப முடிவுகளும் பிறந்தன.

யாருக்கு எது வேண்டும்

நிறுத்து, பதிந்து, கணக்கிட்டு, சீட்டுக் கொடுக்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும்படி பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஃப்ரேம்வர்க் (பல இடங்களுக்கும் பொதுவான மென்பொருள் சட்டகம்) இது. தோட்டத்தில் அது மடுவத்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறையைப் பதிந்து, யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப் பேர், கூடுதல் கிலோ எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறது. வெலிமடைப் பக்கம் ஒரு மரக்கறி சேகரிப்பு நிலையத்தில் அதே ஃப்ரேம்வர்க்கை வைத்துக் கரட்டும் லீக்ஸும் நிறுக்கிறார்கள். பதுளைப் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒருவரிடம் பிரின்டரே இல்லை. மாத முடிவில் ஒரு எக்செல் அட்டவணை கிடைத்தால் போதும் அவருக்கு.

எல்லாருக்கும் எல்லாம் தேவையில்லை என்பதால் குழு ஒரு நியாயமான முடிவை எடுத்திருந்தது. பதிவும் கணக்கும் மட்டும் உட்கரு. அதற்குப் பைத்தானோடு கூடவே வரும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் போதும், வெளி லைப்ரரி (பிறர் எழுதிவைத்த, எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். இலத்திரனியல் தராசோடு பேச பைசீரியல், அட்டவணைக்கு ஓப்பன்பைஎக்செல், வெப்பப் பிரின்டருக்கு பைத்தான்-எஸ்க்பாஸ், சீட்டைப் படமாக வரைய பில்லோ. இந்த நான்கும் கட்டாயமில்லாதவை. வேண்டியவர் வேண்டியதை நிறுவிக்கொள்ளலாம்.

சீட்டை ஏன் படமாக வரைய வேண்டும்? கடைகளில் கிடைக்கும் சாதாரண வெப்பப் பிரின்டர்களின் உள்நினைவில் தமிழ் எழுத்துகள் இருப்பதில்லை. தமிழை எழுத்தாக அனுப்பினால் குப்பை வரும். ஆகவே சீட்டு முழுவதையும் கணினியிலேயே கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, அந்தப் படத்தைத்தான் பிரின்டருக்குக் கொடுக்க வேண்டும். வரைவது பில்லோவின் வேலை.

பிழை எங்கே இருந்தது

குழுவினரின் மடிக்கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ். டிவிசன் ஒபிஸில் விண்டோஸ். இரண்டிலும் பைத்தான் ஒன்றே, பில்லோவின் பதிப்பு ஒன்றே, எழுத்துருக் கோப்பும் ஒன்றே. மடிக்கணினியில் ‘மேகலா’, ஒபிஸில் ‘மகேலா’.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அல்ல. ‘மே’ என்பதில் முதலில் ‘ம’, பிறகுதான் இரட்டைக் கொம்பு. வரையும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் இயந்திரம். அந்த வேலை நடக்காவிட்டால் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும்: ம, அதன் பின் கொம்பு, அதன் பின் க. கொம்பு இப்போது ‘க’வுக்கு முன்னால் நிற்பதால், வாசிப்பவர் கண்ணுக்கு அது ‘மகேலா’. கேசவனும் சேகரும் இப்படித்தான் மாறினார்கள். பெயரில் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ ஐகாரமோ இல்லாதவர்கள் பெயர் மாறாமல் தப்பினார்கள். முத்து போன்ற பெயர்களில் உகரச் சுழி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கியது. அதைப் பார்த்தவர்கள் அச்சு சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். ‘மகேலா’தான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் ஒரு எழுத்தும் உடைந்து தெரியவில்லை. எழுத்தெல்லாம் ஒழுங்காக நிற்க, பெயர் மட்டும் வேறாகிவிட்டது.

ஹார்ஃப்பஸை பில்லோ நேரடியாக அழைப்பதில்லை. இடையில் ராக்ம் என்ற லைப்ரரி இருக்கிறது. ராக்முக்கு இரண்டு துணைகள் வேண்டும்: எழுத்தடுக்க ஹார்ஃப்பஸ், அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக ஃப்ரிபிடி. பில்லோ 8.2 முதல், பிப் (பைத்தான் லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவி) வழியாக நிறுவும் பொதியிலேயே ராக்ம் சேர்ந்து வருகிறது. ஆனால் ஃப்ரிபிடி அதில் வருவதில்லை. நிரல் ஓடும்போது கணினியில் ஃப்ரிபிடி இருக்கிறதா என்று தேடும். இருந்தால் ராக்ம் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. உபுண்டு மேசைக்கணினியில் வேறு மென்பொருள்களின் தேவைக்காக ஃப்ரிபிடி ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் நாமே கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

தமிழுக்கு வலமிருந்து இடம் என்ற பிரச்சினையே இல்லை. இருந்தும் அதற்கான கோப்பு இல்லாததால் தமிழ் உடைந்தது. ராக்ம் கிடைக்காதபோது பில்லோ தன் அடிப்படை முறைக்கு இறங்கிவிடும், எந்த முறை வேண்டும் என்று நாம் சொல்லாதவரை எச்சரிக்கையும் தராது. பில்லோவின் கோணத்தில் இது நியாயமே. ரோமன் எழுத்துக்கு அடிப்படை முறை தாராளமாகப் போதும், அவர்களுடைய ஆவணத்திலும் இந்தச் சார்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ச் சீட்டை அச்சிடும் ஃப்ரேம்வர்க்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஃப்ரேம்வர்க் கேட்டது வேறு கேள்வி. கோப்பின் தலைப்பில் பில்லோவை இம்போர்ட் செய்ய (நிரலுக்குள் எடுத்துக்கொள்ள) பார்க்கும், இம்போர்ட் எரர் என்ற பிழை வந்தால் ‘இல்லை’ என்று குறித்துக்கொள்ளும், வராவிட்டால் ‘இருக்கிறது’. பைத்தான் உலகில் ஆயிரம் இடங்களில் காணும் நான்கு வரி. அது கேட்பது ‘பில்லோ இருக்கிறதா’ என்று. தெரிய வேண்டியதோ ‘இந்தக் கணினியில் தமிழ் வரைய முடியுமா’ என்பது. பிரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்து பெயர் கொடுத்தவர் எல்லாரும் அன்று மலையில் கொழுந்து பறித்தவர் ஆகமாட்டார். அந்த ஒபிஸில் பில்லோவை யாரும் கேட்டு நிறுவியதுகூட இல்லை. பைத்தான்-எஸ்க்பாஸ் தன் தேவைக்கு பில்லோவைக் கூட்டிக்கொண்டு வரும். வேறொருவர் துணையாக வந்து சேர்ந்ததைப் பார்த்து, சீட்டு வரைய எல்லாம் ஆயத்தம் என்று ஃப்ரேம்வர்க் முடிவுகட்டியது.

சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. சோதனைத் தரவில் இருந்த பெயர்கள் கமலா, சரவணன், ராமன். மூன்றிலும் கொம்பு இல்லை. தமிழ் அச்சைச் சோதிக்க வேண்டுமானால் மேகலாவும் கேசவனும் மைதிலியும் கௌரியும் கொடியரசனும் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அதே கேள்வி, வேறு இடங்கள்

ஒரு இடத்தில் தவறான கேள்வி கேட்கப்பட்டிருந்தால் மற்ற இடங்களிலும் கேட்கப்பட்டிருக்கும் என்று நிரல் முழுவதும் தேடினோம். அகப்பட்டவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

தராசு முதலாவது. பைசீரியல் என்று நிறுவுகிறோம், ஆனால் நிரலில் ‘சீரியல்’ என்றுதான் இம்போர்ட் செய்கிறோம். பிப் களஞ்சியத்தில் ‘சீரியல்’ என்ற பெயரிலேயே சம்பந்தமில்லாத இன்னொரு பொதி இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை நிறுவிவிட்டால் இம்போர்ட் சத்தமில்லாமல் வெற்றி பெறும். தராசைத் திறக்கும் நேரத்தில்தான், அதோடு பேச வேண்டிய வகுப்பு (நிரலின் ஒரு பகுதி) அதில் இல்லவே இல்லை என்று விழும். இம்போர்ட் வெற்றி எதற்கும் அத்தாட்சி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதைவிடக் கவலை தந்தது அங்கே இருந்த மாற்று வகுப்பு. பைசீரியல் இல்லாவிட்டால் நிரல் விழக்கூடாது என்று, ஒரு வெற்றுத் தராசை எழுதி வைத்திருந்தார்கள். அதை எப்போது கேட்டாலும் நிறை பூச்சியம் என்று சொல்லும். சோதனை வசதிக்காக எழுதப்பட்டது. ஆனால் உண்மையான ஒபிஸிலும் அதுதான் வரும்படி இருந்தது. ஒரு பெண் கூடையைக் கொண்டுவந்து வைக்கிறார், கணினி பூச்சியம் என்று பதிகிறது. யாருக்கும் இது நடக்கும் முன்பே கண்டுபிடித்தது நல்லதாயிற்று. அந்த வகுப்பைச் சோதனைக் கோப்புறைக்கு அனுப்பிவிட்டோம்.

இரண்டாவது அட்டவணை. ஓப்பன்பைஎக்செல் இல்லாவிட்டால் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எழுதிவிடும், யாரிடமும் சொல்லாது. அட்டவணை அட்டவணைதானே என்று தோன்றும். ஆனால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் சேமித்த சிஎஸ்வியை அதன் தலையில் அடையாள பைட்டுகள் இல்லாமல் எழுதினால், எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். அதைச் சரிசெய்தாலும் இன்னொன்று இருக்கிறது. 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. சிஎஸ்வியில் வந்தால் எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு, 1.99 பெருக்கல் பத்தின் பதினோராம் அடுக்கு என்ற பாணியில் சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சேமித்துவிட்டால் பின் இலக்கங்கள் போனதுதான். பூச்சியத்தில் தொடங்கும் அங்கத்துவ இலக்கங்களின் முன் பூச்சியமும் போய்விடும். உண்மையான எக்செல் கோப்பில் அந்தக் கலத்தை எழுத்து என்று குறித்துவிடலாம். சிஎஸ்வியில் குறிக்க வழியில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல.

மூன்றாவது பொதுவானது. விண்டோஸில் ஒரு லைப்ரரி நிறுவப்பட்டிருந்தும் அதற்கு வேண்டிய டிஎல்எல் கோப்பை (விண்டோஸின் துணை நிரல் கோப்பை) ஏற்ற முடியாமல் போனால் வருவதும் இம்போர்ட் எரர்தான். அதைப் பிடித்து ‘நிறுவப்படவில்லை’ என்று சொன்னால், ஒபிஸில் இருப்பவர் மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டே இருப்பார். பைத்தான் 3.6 முதல் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் என்று தனியாக ஒன்று உண்டு. எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பதையும் அது கையோடு சொல்லும். நாம் தேடிய அதே பெயர் கிடைக்காவிட்டால்தான் ‘இல்லை’. வேறு எது நடந்தாலும் ‘இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது’.

எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் என்ன?

குழுவுக்குள் வந்த முதல் யோசனை இதுதான். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கட்டாயமில்லாத ஒவ்வொரு லைப்ரரியும் சோதிக்க வேண்டிய நிலைமைகளை இரட்டிப்பாக்குகிறது. நான்கு இருந்தால் பதினாறு சேர்க்கைகள். எல்லாம் கட்டாயம் என்றால் ஒன்றே ஒன்று.

ஆனால் நடந்த பிழையை அது தீர்த்திருக்காது. பில்லோ அங்கே இருந்தது; இல்லாமல் போனது ஃப்ரிபிடி, அது பிப் கொண்டுவரும் பொருளே அல்ல. பைத்தான் பொதியின் சார்புப் பட்டியலில் எவ்வளவு எழுதினாலும் விண்டோஸ் டிஎல்எல் ஒன்றை அதில் கேட்க வழி இல்லை. இன்னொரு காரணம் இடம். டிவிசன்களில் இன்னும் விண்டோஸ் 7 கணினிகள் ஓடுகின்றன. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. மலை மறைவில் சமிக்ஞை ஒரு கோடு காட்டும், பிறகு அதுவும் போகும். சிறுதோட்டக் கொழுந்து வாங்குபவரின் கணினியில் ஒருபோதும் ஓடாத பிரின்டர் லைப்ரரிகளை இறக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆகவே கட்டாயமில்லாதது கட்டாயமில்லாததாகவே இருக்கட்டும் என்று முடிவானது. மாற வேண்டியது, இல்லாதபோது ஃப்ரேம்வர்க் எப்படி நடந்துகொள்கிறது என்பது.

ஒரு பழைய இழையை மட்டும் அறுத்தோம். ஒரே ஒரு மாதாந்தக் கூட்டல் அட்டவணைக்காக உட்கருவுக்குள் பாண்டாஸ் என்ற தரவு லைப்ரரி நுழைந்திருந்தது. அதன் பின்னால், அதற்கு வேண்டிய நம்பை என்ற லைப்ரரியும் வந்தது. அந்தக் கூட்டலை எஸ்க்யூலைட்டின் ஒரு கேள்வியாக எழுதியதும் இரண்டும் தேவையற்றுப் போயின. கட்டாயமா இல்லையா என்று விவாதிக்கும் முன், வேண்டுமா என்று கேட்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

எதற்கு இறங்கலாம், எதற்கு நிற்க வேண்டும்

ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரே ஒரு கேள்வியை வைத்தோம்: இது இல்லாமல் போனால் வெளியே போகும் பொருள் குறைகிறதா, அல்லது பிழையாகிறதா?

பைசீரியல் இல்லாவிட்டால் நிறையைக் கையால் அடிக்கலாம். வேலை மெதுவாகும், ஆனால் அடிப்பவர் கண்ணால் தராசைப் பார்த்துத்தான் அடிக்கிறார். இதற்கு இறங்கலாம். ஒரு நிபந்தனை: அப்படிப் பதிந்த வரியில் ‘கைப்பதிவு’ என்று சீட்டிலும் பதிவேட்டிலும் தெரிய வேண்டும். பிரின்டர் லைப்ரரி இல்லாவிட்டால் சீட்டைப் படக் கோப்பாகச் சேமிக்கலாம். சாதாரண ஏ4 பிரின்டரில் பிறகு எடுத்துக்கொள்வார்கள். இதற்கும் இறங்கலாம். ஓப்பன்பைஎக்செல் இல்லாவிட்டால் எக்செல் கோப்புக் கேட்டவருக்குச் சிஎஸ்வி கொடுக்கக் கூடாது, நிற்க வேண்டும். சிஎஸ்வி வேண்டியவர் சிஎஸ்வி என்றே கேட்டு வாங்கட்டும். தமிழ் எழுத்தடுக்கு இல்லாவிட்டால் சீட்டு நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மென்பொருள் உலகில் வேறு இடங்களிலும் இந்தக் கோட்டை எங்கோ கிழிக்கத்தான் செய்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸில் ஒரு பொதி இன்னொன்றைக் கட்டாயம் என்றோ, பரிந்துரை என்றோ, வெறும் ஆலோசனை என்றோ படிப்படியாகக் குறிக்கலாம். ஜாவா நிரல்மொழியில் எஸ்எல்எஃப்4ஜே என்ற லைப்ரரி, நிரல் ஓடும்போது நடப்பவற்றைப் பதிவாக எழுதும் லைப்ரரி எதுவும் கிடைக்காவிட்டால், 1.6ஆம் பதிப்பு முதல் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு எல்லாப் பதிவுகளையும் கைவிட்டுத் தொடரும். பதிவுக் கோப்புக்கு அது சரியான முடிவு. பதிவு இல்லாமலும் நிரலின் விடை மாறாது. அதே முடிவை ஒருவருடைய பெயருக்கு எடுக்க முடியாது. பிறருடைய வழக்கத்தைப் பார்த்துப் படியெடுக்கும்போது, அவர்கள் எதைக் கைவிடச் சம்மதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

புதிய வாயில்

நிரலில் சிதறிக் கிடந்த இம்போர்ட் முயற்சிகளை எல்லாம் அகற்றி, ஒரே இடத்தில் ஒரு வாயிலையும் அதற்கு ஒரு பதிவேட்டையும் வைத்தோம். எந்த லைப்ரரியும் இனி அந்த வாயில் வழியாகத்தான். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு வரி: வேலையின் பெயர், நிறுவும் பெயர், இம்போர்ட் பெயர், வேண்டிய குறைந்த பதிப்பு, செய்து பார்க்கும் சோதனை, இல்லாவிட்டால் நிற்பதா இறங்குவதா. நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்பதை பைசீரியலும் பில்லோவும் கற்றுத் தந்தன. நிரலின் மற்ற பகுதிகள் லைப்ரரியின் பெயரையே சொல்வதில்லை. ‘எனக்குத் தமிழ்ச் சீட்டு வரைய வேண்டும்’ என்றுதான் வாயிலைக் கேட்கின்றன. வாயில் நான்கில் ஒரு விடை தரும்: தயார், இல்லை, உடைந்திருக்கிறது, இருக்கிறது ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. நான்காவது விடைதான் மஸ்கெலியா ஒபிஸுக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

நிறுவும்போது கேட்கும் கூடுதல் தொகுதிகளும் இப்போது லைப்ரரியின் பெயரில் இல்லை, வேலையின் பெயரில் இருக்கின்றன: தராசு, சீட்டு, அட்டவணை, ரோமன் எழுத்தில். அந்தப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் பிப் ஒரு எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு உட்கருவை நிறுவி முடித்துவிடும், தவறு என்று நிற்காது. அது ஒன்றே போதும், நிறுவல் வெற்றி என்பதை நம்பாமல் ஓடும்போது வாயில் மறுபடி பார்ப்பதற்கு. பதிப்பையும் அங்கேதான் பார்க்க வேண்டும். நிறுவிய பிறகு யாரோ வேறு மென்பொருளுக்காக ஒன்றை மாற்றியிருக்கலாம். நிறுவிய பதிப்பைச் சொல்லும், பைத்தான் 3.8 முதல் உள்ள இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா இதற்குப் போதும்.

தமிழ்ச் சீட்டுக்கான சோதனையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வேறு எவருக்கும் அப்படியே பயன்படும். முதலில் ராக்ம் கிடைக்கிறதா என்று பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியிடம் கேட்கிறோம். அதோடு நிற்பதில்லை. ஒபிஸ் அமைப்பில் குறித்திருக்கும் அதே எழுத்துருவை எடுத்து, ‘கே’ என்பதை ராக்ம் முறையில் ஒரு படமும் அடிப்படை முறையில் ஒரு படமும் வரைகிறோம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் எழுத்தடுக்கு நடக்கவில்லை. இந்த ஒப்பீடு இன்னொரு கோளாறையும் பிடிக்கிறது. இலங்கையில் பழைய கணினிகளில் பாமினி எழுத்துரு எங்கும் உண்டு. அதில் தமிழ் வடிவங்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், யூனிகோட் தமிழ் இருக்காது. அதை யாராவது அமைப்பில் போட்டுவிட்டால் இரண்டு முறையிலும் வெற்றுக் கட்டங்களே வரும், இரண்டு படமும் ஒன்றாகவே இருக்கும், சோதனை அதையும் தடுத்துவிடும். யூனிகோட் எழுத்துரு ஒன்றை, நோட்டோ சான்ஸ் தமிழை, பொதியோடு சேர்த்தே கொடுத்துவிட்டோம். அதன் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

ஃப்ரிபிடியை விண்டோஸ் நிறுவியில் சேர்த்தோம். டிஎல்எல் தேடப்படும் கோப்புறையில் அது போய் அமர்கிறது, எல்ஜிபிஎல் உரிமக் குறிப்பும் கூடவே. ஹார்ஃப்பஸை நேரடியாக அழைக்கும் பைத்தான் லைப்ரரிக்கு மாறலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்படியானால் ஃப்ரிபிடியே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வடிவத்தையும் எந்த இடத்தில் வரைவது என்பதை நாமே பார்க்க வேண்டிவரும். ஒரு சிறு குழு பராமரிக்க வேண்டிய நிரல் அல்ல அது என்பது என் கருத்து, குழுவும் ஏற்றுக்கொண்டது.

எப்போது பார்ப்பது என்பதிலும் ஒரு மாற்றம். லைப்ரரியை உண்மையில் ஏற்றுவது தேவைப்படும் கணத்தில்தான். தராசு மட்டும் வைத்திருக்கும் வெலிமடைக் கணினி பில்லோவைத் தொடுவதே இல்லை. ஆனால் சோதனையை அந்தக் கணம் வரை தள்ளிப்போட்டால், மாலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதுதான் சீட்டு வராது என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு ஒபிஸும் தனக்கு வேண்டிய வேலைகளை அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறது. காலையில் மென்பொருளைத் திறக்கும்போதே வாயில் அவற்றை மட்டும் சோதித்துவிடுகிறது.

நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு கிளாக்கரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசகத்தை எழுதினோம். முன்பு இருந்தது ஆங்கிலத்தில் பத்து வரி, கடைசியில் ஒரு லைப்ரரியின் பெயர். இப்போது இப்படி: ‘இந்தக் கணினியில் தமிழ் எழுத்துகள் சீட்டில் ஒழுங்காக வராது. ஆகவே சீட்டு அச்சிடப்படவில்லை. கொழுந்து நிறை பதிவதைத் தொடரலாம். பதிந்தவை பாதுகாப்பாக இருக்கும். கீழே உள்ள இலக்கத்தைத் தொழில்நுட்ப உதவிக்குச் சொல்லவும்.’ அந்த இலக்கத்தின் பின்னால் எது இல்லை, எது உடைந்தது என்ற விவரம் பதிவுக் கோப்பில் இருக்கும். பதிவதைத் தொடரலாம் என்ற வரியைக் கேட்டவர் கிளாக்கர்தான். அது இல்லாவிட்டால் அன்றைய கணக்கு முழுவதும் போய்விடுமோ என்று கையெழுத்துப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்றார்.

இல்லாமையைச் சோதிப்பது

பதினாறு சேர்க்கைகளையும் ஓட்டுவதில்லை. எதுவும் இல்லாத வெறும் சூழல், ஒவ்வொன்றும் தனியே, எல்லாம் சேர்ந்து: ஆறு சூழல்கள், ஒவ்வொன்றும் புதிதாக உருவாக்கி, லினக்ஸிலும் விண்டோஸிலும். வெறும் சூழல்தான் அதிகம் பிடிக்கிறது. யாரோ உட்கருவில் தெரியாமல் ஒரு இம்போர்ட் சேர்த்தால் அங்கே உடனே விழும். பைத்தான் ஏற்றிய லைப்ரரிகளின் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று வைத்தால் பைத்தான் அதை இல்லாத லைப்ரரியாகவே நடத்தும்; விரைவுச் சோதனைகளுக்கு அது வசதி. ஆனால் ஃப்ரிபிடி போன்றவற்றின் இல்லாமையை அப்படி நடிக்க முடியாது. அதற்காகவே, ஃப்ரிபிடி இல்லாத ஒரு விண்டோஸ் சூழலை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். அங்கே சோதனை வெற்றி பெற வேண்டுமானால் சீட்டு வராமல் நிற்க வேண்டும்.

சிங்களத்திலும் இதே நிலைதான். கொம்புவ என்ற சிங்களக் கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்படுவது, பின்னால் சேமிக்கப்படுவது. வெலிமடை நிலையம் சிங்களத்தில் பற்றுச்சீட்டு அடிக்கத் தொடங்கும் முன், அந்த மொழிக்கான எழுத்தையும் எழுத்துருவையும் வைத்து இன்னொரு சோதனை வரியைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டோம்.

பிழையாக அச்சான சீட்டுகளைத் தோட்டத்தில் திருப்பி வாங்கி, அதே திகதி, அதே நிறையோடு மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். தரவுத்தளத்தில் பெயர்கள் ஒருபோதும் மாறவில்லை என்பதால் அது எளிதாக முடிந்தது.

இன்னும் தீராதது விண்டோஸ் 7 கணினிகள். பைத்தான் 3.8க்கான ஆதரவு 2024 ஒக்டோபரில் முடிந்தது. அதை ஏற்கும் கடைசி பில்லோ வரிசை 10.4. அந்தக் கணினிகளுக்காகப் பதிப்புகளைப் பூட்டி, வேண்டிய பொதிகளை எல்லாம் யூஎஸ்பியில் எடுத்துப்போய் இணையம் இல்லாமலே நிறுவும்படி செய்திருக்கிறோம். ஃப்ரேம்வர்க்கின் அடுத்த பெரும் பதிப்பு 3.8ஐக் கைவிடும். அதற்கு முன் எந்தெந்த டிவிசனில் பழைய கணினி இருக்கிறது, அவற்றில் லினக்ஸ் போட முடியுமா என்ற பட்டியலைக் குழு தொகுத்துக்கொண்டிருக்கிறது.